சொட்டு மருந்து போட ஒரு ஆள்

கண் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் கேட்டாள்: "மருந்து போட்டுவிட வீட்டுல யாரு சார் இருக்காங்க?"

"ஆள் இருக்கு," என்றார் கேமராக்காரர்.

அப்படி ஒரு ஆள் கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. மகன் கடல் தாண்டி இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமையானால் போனில் முகம் காட்டுவான். மூன்றாம் மாடி வீட்டில் அவரும் ஒரு ஃபிரிட்ஜும்தான் குடித்தனம். அந்த ஃபிரிட்ஜாவது அவ்வப்போது கொஞ்சம் முனகும். ஆனால் நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில், நர்ஸ் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது, யாருமில்லை என்று சொல்ல வாய் வருமா? அவருக்கு வரவில்லை.

நர்ஸ் சின்ன பாட்டிலை எடுத்துக் காட்டினாள். "இதுல ரெண்டு மருந்து கலந்திருக்கு. ஒண்ணு கிருமி வராம இருக்க, இன்னொண்ணு வீக்கம் குறைய. அந்த ரெண்டாவது ஸ்டீராய்டு. முதல் வாரம் நாலு வேளை, அடுத்த வாரம் மூணு, அப்புறம் ரெண்டு, அப்புறம் ஒண்ணு, அதோட நிறுத்திடணும். நடுவுல நீங்களா நிறுத்தவும் கூடாது, நீங்களா இழுத்துக்கிட்டே போகவும் கூடாது. மாசம் முடிஞ்சதும் வந்து காட்டணும். போடறதுக்கு முன்னாடி கைய சோப்பு போட்டுக் கழுவணும், பாட்டில நல்லா குலுக்கணும், மூக்கு மாதிரி முனை இருக்கே, இது கண்ணுலயோ இமையிலயோ படவே கூடாது."

தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"ஒருவேளை நீங்களே போட வேண்டி வந்தா, படுத்துக்கிட்டு ஒரு வழி இருக்கு..."

"அதான் ஆள் இருக்குன்னு சொன்னேனே."

அவள் அதோடு விட்டுவிட்டாள். பொய் சொல்கிறவனுக்கு அவசரம் அதிகம்.

கேமராக்காரர் என்றால் படம் எடுக்கிறவர் இல்லை, படம் பார்க்கிறவர். தெருக்கோடியில் ஒரு பெரிய கிடங்கு இருக்கிறது. அதில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, சுவர் நிறையத் திரை, திரையில் கட்டம் கட்டமாகக் காட்சி: கேட், லாரி நிற்கும் இடம், படிக்கட்டு, அலமாரி வரிசைகள். அவற்றை முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் உத்தியோகம். அங்கே வேலை செய்யும் அத்தனை பேரின் நடையும் அவருக்கு அத்துப்படி. நேரில் எதிரே வந்தால் அவர்களில் பாதிப் பேருக்கு இவர் யாரென்றே தெரியாது.

இடது கண் சிறு வயதில் பந்து பட்டுக் கெட்டுப்போனது. வெளிச்சமா இருட்டா என்பதைச் சொல்லும், அவ்வளவுதான். பிழைப்பு முழுக்க வலது கண் ஒன்றை நம்பி. அதில்தான் புரை விழுந்து ஆபரேஷன். அதற்கும் ஏதாவது ஆகிவிட்டால் வேலை போவது மட்டுமில்லை, மாடிப்படி இறங்கவே இன்னொருவர் தோளைத் தேட வேண்டியிருக்கும். இல்லாத தோளை எங்கே போய்த் தேடுவது?

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று தலையை அண்ணாந்தார். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது புருவத்தில். மூன்றாவது சட்டைக் காலருக்குப் போய்ச் சேர்ந்தது. பாட்டில் கிட்டே வருவதற்குள் கண் தானாக இறுக மூடிக்கொண்டது. நாலாவது முறை பாட்டில் முனை இமையை உரசப் பார்த்தது. வியர்த்துவிட்டது. இப்படியே போனால் ஆபரேஷன் செய்த கண்ணைத் தன் கையாலேயே குத்திக்கொள்ள வேண்டியதுதான் என்று பயந்து மூடியைப் போட்டு, படி இறங்கினார்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சலூன். வருஷக்கணக்காக அதைத் தாண்டித்தான் போய் வருகிறார், ஒரு நாள்கூட உள்ளே போனதில்லை. அவர் தலையில் முடி என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. முகத்தை வீட்டிலேயே மழித்துக்கொள்வார். வழுக்கைத் தலையருக்குச் சலூனில் என்ன வேலை? எட்டிப் பார்த்தாலே நக்கல் செய்ய வந்திருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

"தம்பி, ஒரு உதவி," என்றார் வாசலில் நின்று. விஷயத்தையும், போட வேண்டிய முறையையும் சொன்னார்.

சலூன்காரர் நடுத்தர வயது ஆள். கேமராக்காரரின் தலையை ஒருமுறை பார்த்தார், கையிலிருந்த பாட்டிலை ஒருமுறை பார்த்தார். "உட்காருங்க அண்ணே. உங்க தலைக்கு என்னால முடிஞ்சது இது ஒண்ணுதான்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கேமராக்காரரும் சிரித்தார். சலூன்காரர் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார், பாட்டிலைக் குலுக்கினார், நாற்காலியைச் சாய்த்தார். மோவாயை ஒரு கை பிடித்தது. கீழ் இமையை ஒரு விரல் மெல்ல இழுத்தது. "மேல ட்யூப் லைட்டப் பாருங்க. அவ்வளவுதான், முடிஞ்சுது. கண்ண மூடி, மூக்கோரமா லேசா அமுக்கிக்கிட்டு அப்படியே இருங்க."

அவர் முகத்தை இன்னொருவர் கை தொட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. மூடிய கண்ணுக்குள் மருந்து மட்டும் இல்லை. நல்லவேளையாக, சொட்டு மருந்து போட்டுக்கொண்டவன் கன்னத்தில் ஈரம் வழிந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது. காலை, மதியம், மாலை, கடை சாத்தும் முன் ஒருமுறை என்று நாலு வேளையும் இறங்கி வந்தார். மருந்து போட்டதும் உடனே எழுந்துவிடக் கூடாது என்பதால் ஓரமாகப் பெஞ்சில் கண்ணை மூடி உட்காருவார். அந்த நேரத்தில் பேச்சு காதில் விழும். பிறகு இவரும் பேச ஆரம்பித்தார். கிடங்குக் கதைகள் அவரிடம் ஏகப்பட்டவை இருந்தன. கேட்பதற்குத்தான் இதுவரை ஆள் இல்லை. ஆபீஸ் ஜன்னல் பக்கம் போவதற்கு முன் லாரிக் கண்ணாடியில் தலை சீவிக்கொள்ளும் டிரைவர், நின்றபடியே தூங்கும் வாட்ச்மேன், தினமும் வரிசை தவறாமல் ரோந்து போகும் பூனை.

"ஒருத்தர்கூட கேமராவ நிமிர்ந்து பார்க்க மாட்டாங்க தம்பி. அது இருக்கறதே மறந்துபோயிடும். நான் இருக்கறதும்தான்," என்று ஒரு நாள் சொன்னார். சொன்ன பிறகு, கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று தோன்றியது.

சலூன்காரர் கத்தரியை நிறுத்தாமல் "ம்" என்றார்.

கையில் வேலை இருக்கும்போது இவர் வாசலில் வந்து நின்றால், சலூன்காரர் பேசாமல் தன் கீழ் இமையை ஒரு விரலால் இழுத்துக் காட்டுவார். மருந்துக்கு நேரமாச்சா என்று அர்த்தம். இவர் தலையசைத்து உட்காருவார். இரண்டு பேருக்கும் நடுவில் இப்படி ஒரு பாஷை உண்டானதில் கேமராக்காரருக்கு ஏக பெருமை. மாடி ஏறும்போது தானே ஒருமுறை இமையை இழுத்துப் பார்த்துக்கொண்டு சிரிப்பார். ஆள் அப்படிக் காய்ந்து கிடந்தார்.

இரண்டாவது வாரம் பிறந்தது. நர்ஸ் சொன்னபடி மூன்று வேளை. மதியம் இறங்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். மாலை போனபோது சலூன்காரர் கேட்டார்: "மதியம் எங்க அண்ணே காணோம்? காத்துக்கிட்டிருந்தேன்."

காத்துக்கிட்டிருந்தேன். அவருக்காக ஒருவர் காத்திருந்திருக்கிறார்.

"தூங்கிட்டேன் தம்பி," என்றார். மறுநாள் மதியம் சரியாகப் போய் நாற்காலியில் சாய்ந்தார்.

அந்த வாரம் மூன்றாகவில்லை. அதற்கடுத்த வாரம் இரண்டாகவும் இல்லை. மருந்துச் சீட்டு அலமாரியில் துணிக்கடியில் கிடந்தது. சலூன்காரர் அதைப் பார்த்ததே இல்லை. அண்ணன் நீட்டுகிறார், தம்பி போடுகிறார். பாட்டில் காலியானபோது பழையதைக் காட்டி மருந்துக் கடையில் புதிதாக வாங்கினார். கடைக்காரன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டிய நாள் வந்தது. போனால் நிறுத்தச் சொல்வார்கள். போகவில்லை. சூப்பர்வைசர் போன் செய்தபோது கண் இன்னும் தெளியவில்லை என்றார். லீவுக்குப் பஞ்சமில்லை, யாருக்காக லீவு எடுத்திருக்கிறார் இத்தனை காலம்?

இதில் வேடிக்கை என்னவென்றால், மருந்து விஷயத்தில் அவரைப் போலக் கறார் ஆள் கிடையாது. பக்கத்துக் கடை பேக்கரிக்காரர் ஒரு நாள் சிவந்த கண்ணோடு சலூனுக்கு வந்தார்.

"அண்ணே, அந்த மருந்துல எனக்கும் ஒரு சொட்டு. உறுத்தி எடுக்குது."

கேமராக்காரர் பாட்டிலை உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். "தரமாட்டேன். ஒருத்தர் மருந்த இன்னொருத்தர் போடவே கூடாது. இதுல ஸ்டீராய்டு இருக்கு. உங்க கண்ணுல என்ன கிருமின்னு யாருக்குத் தெரியும்? சிலதுக்கு இதப் போட்டா கண்ணே போயிடும். டாக்டர்கிட்ட போங்க."

பேக்கரிக்காரர் போனார். ஏதோ வைரஸாம், நல்லவேளை கண்டதைப் போடாமல் வந்தீர்கள் என்றாராம் டாக்டர். கடையில் கேமராக்காரருக்கு மதிப்பு ஏறிவிட்டது. "அண்ணன் பாதி டாக்டர்," என்றார் சலூன்காரர். மற்ற பாதியைத்தான் யாரும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகன் முகம் காட்டினான். "மருந்தெல்லாம் ஒழுங்கா போகுதாப்பா?"

"போகுதுடா."

"யாரு போட்டு விடறா?"

"ஆள் இருக்கு." இந்த முறை உண்மையைச் சொன்னார். மகன் முகத்தில் ஒரு பாரம் இறங்கியது தெரிந்தது. இரண்டு பேரும் நிம்மதியாகப் போனை வைத்தார்கள்.

ஒரு மாலை நாற்காலியில் சாய்ந்து ட்யூப் லைட்டைப் பார்த்தபோது அதைச் சுற்றி வர்ண வளையம் தெரிந்தது. மருந்தின் ஈரமாக இருக்கும் என்று துடைத்துக்கொண்டார். மறுநாளும் வளையம் இருந்தது. தெருவிளக்கிலும் இருந்தது. ஒரு நாள் படியில் கைப்பிடியைத் தேடிய கை வெறுங்காற்றைப் பிடித்தது. அன்றைக்குப் பயம் வந்தது. பொய்யெல்லாம் உதறி எறியும் அளவுக்கு வந்தது. யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

டாக்டரம்மா கண்ணில் ஒரு கருவியை வைத்து அழுத்தம் பார்த்தார். மறுபடி ஒருமுறை பார்த்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"இன்னுமா அந்த மருந்து போடறீங்க?"

"ஆமாம்மா."

"எத்தனை வேளை?"

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாலு."

"யாரு போடச் சொன்னா?"

சட்டைப் பையிலிருந்த பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார்.

"அதுல இருக்கற ஸ்டீராய்டு ரொம்ப நாள் போனா சில பேருக்குக் கண்ணுக்குள்ள அழுத்தத்த ஏத்திவிடும். உங்களுக்கு நல்லா ஏறியிருக்கு. பின்னால இருக்கற நரம்பு கொஞ்சம் அடிபட்டிருக்கு. வலிச்சுதா?"

"இல்லம்மா."

"பெரும்பாலும் வலிக்காது. அதுதான் இதுல கெட்டது. அதுக்குத்தான் மாசம் முடிஞ்சதும் வரச் சொன்னோம்." குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் தேவலை என்றிருந்தது. "மேல் மூலையில கொஞ்சம் பார்வை போயிருக்கு. அது திரும்பாது. மிச்சத்தக் காப்பாத்தணும். இந்த மருந்த இன்னியோட நான் நிறுத்தறேன். அழுத்தம் குறைய வேற ஒண்ணு எழுதறேன், காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. தவறவே கூடாது."

நேராகச் சலூனுக்கு வந்தார். சலூன்காரர் ஒருவர் முகத்துக்கு நுரை தடவிக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் விரலால் இமையை இழுத்துக் காட்டினார்.

"இல்ல தம்பி. அந்த மருந்து இனிமே கிடையாது."

"சரியாயிடுச்சா? நல்ல சேதியாச்சே."

சரியாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு அவரிடம் பொய் தீர்ந்துபோயிருந்தது. எல்லாவற்றையும் சொன்னார். மூன்றாகக் குறைத்திருக்க வேண்டும், குறைக்கவில்லை. நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. கண்ணில் ஒரு மூலை போய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்றக் காலையும் சாயங்காலமும் வேறு மருந்து போட வேண்டும்.

"ஏன் அண்ணே?"

"மருந்து இல்லன்னா... நான் எதுக்கு இங்க வர்றது?"

நுரையோடு உட்கார்ந்திருந்தவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். சலூன்காரர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"கத்தி பிடிச்சே வயசாயிடுச்சு எனக்கு. ஒருத்தர் கழுத்துல ஒரு கீறல் விட்டதில்ல இதுவரைக்கும். உங்க கண்ண நானே கெடுத்திருக்கேன். தினம் கை கழுவிட்டு வந்து கெடுத்திருக்கேன். எனக்கே தெரியாம."

"உன் மேல தப்பில்ல தம்பி."

"கை என்னோடது அண்ணே."

அவ்வளவுதான் சொன்னார். திரும்பி நின்று கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார். வெளியே போ என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டுமா? கேமராக்காரர் மாடி ஏறினார்.

புது மருந்துச் சீட்டோடு அன்று நர்ஸ், படுத்துக்கொண்டு தானே போட்டுக்கொள்ளும் அந்த வழியையும் சொல்லிக் கொடுத்திருந்தாள். இம்முறை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிக் கட்டிலில் மல்லாந்து படுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, மூக்கை ஒட்டிய மூலையில் ஒரு சொட்டை விட்டார். மெல்லக் கண்ணைத் திறந்தார். சொட்டு தானாக உள்ளே இறங்கியது. மூடி, மூக்கோரம் அமுக்கிக்கொண்டார்.

இவ்வளவுதானா? யாரும் வேண்டாம். முதல் நாளிலிருந்தே யாரும் வேண்டியிருக்கவில்லை. அந்த அறையில் அதைவிட மோசமான ஒரு விஷயத்தை அவரிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது. மல்லாந்தபடியே கிடந்து ஃபிரிட்ஜின் முனகலைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு தெருவில் எதிர்ச் சாரியில் நடந்தார். சலூன் பக்கம் தலையைத் திருப்பவில்லை. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அழுத்தம் இறங்கியிருந்தது. நேர்ப் பார்வை நன்றாக இருக்கிறது, வேலைக்குப் போகலாம், மருந்தை மட்டும் விடவே கூடாது என்றார் டாக்டரம்மா. மகனிடம் எல்லாம் நல்லபடி என்று சொன்னார். யாரு மருந்து போட்டு விடறா என்று அவனும் கேட்கவில்லை.

கிடங்கில் அவர் நாற்காலி அப்படியே இருந்தது. உட்கார்ந்து திரையைப் பார்த்தபோதுதான் போனது எது என்று புரிந்தது. மேல் மூலைக் கட்டம் தெரியவில்லை. அது கேட் கேமரா. தலையைத் திருப்பினால் தெரியும், நேராகப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆகவே அடிக்கடி தலையைத் திருப்பக் கற்றுக்கொண்டார். டிரைவர் இன்னும் தலை சீவிக்கொண்டிருந்தார். பூனை ரோந்து போனது. சொல்லத்தான் ஆள் இல்லை.

ஒரு நாள் சாயங்காலம், மருந்து நேரம் நெருங்கியபோது, தலையைத் திருப்பிக் கேட்டைப் பார்த்தார். கேட் ஓரமாக ஓர் ஆள் நின்றிருந்தார். வாட்ச்மேனிடம் ஏதோ கேட்டார். வாட்ச்மேன் விரலை உயர்த்திக் கம்பத்தைக் காட்டினார். அந்த ஆள் நாலடி பின்னால் வந்து, அண்ணாந்து, கேமராவை நேராகப் பார்த்தார்.

சலூன்காரர்.

இத்தனை வருஷத்தில் அந்தக் கேமராவை நிமிர்ந்து பார்த்த முகம் அது ஒன்றுதான். கோபம் முழுக்கப் போயிருந்ததாகத் தெரியவில்லை. புருவம் சுருங்கித்தான் இருந்தது. கையை உயர்த்தினார். ஒரு விரலால் கீழ் இமையை இழுத்துக் காட்டினார்.

கேமராக்காரர் தலையசைத்தார். யாருமில்லாத அறையில், கண்ணாடித் திரையைப் பார்த்து, பலமாகத் தலையசைத்தார். "இதோ போடறேன் தம்பி," என்றார். அந்தப் பக்கம் போய்ச் சேராது என்று தெரியும். இருந்தாலும் சொன்னார், இந்த முறை பொய்யில்லாமல்.

மூலைக் குழாயில் கையைக் கழுவினார். நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, மூக்கோரம் ஒரு சொட்டு விட்டுத் திறந்தார். மறுபடி மூடி அமுக்கிக்கொண்டார். அவசரப்படவில்லை. அவசரப்படக் கூடாது, மருந்து உள்ளே தங்க வேண்டும். இந்நேரம் அவர் போயிருப்பார், கடையில் ஆள் காத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே முழு நேரமும் இருந்தார்.

கண்ணைத் திறந்து, துடைத்து, தலையைத் திருப்பினார்.

சலூன்காரர் போகவில்லை. வாட்ச்மேனின் ஸ்டூலை இழுத்துப் போட்டு, கேமராவுக்கு முகம் காட்டி உட்கார்ந்திருந்தார்.